கொம்பி வானில் ஏ9 வழியே

வெள்ளவத்தையில் இன்னும் விடியவில்லை. வானின் சொந்தக்காரரான மாஸ்டர் கையில் டோர்ச்சோடு அதன் பின்பக்கம் குனிந்து நிற்கிறார். பெற்றோல் குழாயை இரண்டு விரலால் மடித்து மடித்துப் பார்க்கிறார்.

"வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கிறன் தம்பி. வேற எது போனாலும் றோட்டில நிண்டு சமாளிக்கலாம். இது போனா வானே இராது."

1968ஆம் ஆண்டின் வொக்ஸ்வகன் கொம்பி. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத்தகடு. எஞ்சின் பின்னால், பெற்றோல் தாங்கி அதற்குப் பக்கத்திலேயே. துணி சுற்றிய அந்த மெல்லிய றப்பர் குழாய் சூட்டில் காய்ந்து வெடித்தால், சொட்டும் பெற்றோல் தீப்பொறி பறக்கும் டிஸ்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் விழும். எஞ்சின் கூடு மக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கிற வேலைதான். உலகெங்கும் பல கொம்பிகள் இப்படித்தான் எரிந்து போயிருக்கின்றன. தீயணைப்பான் சிலிண்டரை மாஸ்டர் சாரதி ஆசனத்தின் கீழ் கட்டி வைத்திருக்கிறார். எஞ்சின் அறைக்குள் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கையை விட முடியாது.

நாங்கள் போகிற யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆசனத்துக்கு அடியில் இருக்கும் பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்து காட்டினார். இரண்டு பான் பெல்ற், பொயின்ற் ஒரு சோடி, கண்டென்சர், அக்சிலரேற்றர் கேபிள், கிளச் கேபிள், இரண்டு முழம் பெற்றோல் குழாய், கிளிப்புகள், கட்டுக்கம்பி. கண்டென்சரைப் பார்த்தால் பழசாக இருந்தது. ஏன் புதியது வாங்கவில்லை என்றேன். "இது என்ர வானில ஆறு மாசம் ஓடின சாமான். நல்லா ஓடுது எண்டு தெரிஞ்ச பிறகு கழட்டி வச்சனான். இப்ப பெட்டியோட வாற புதுசு சிலது ஒரு கிழமையும் தாங்காது." பழைய வாகனம் ஓட்டுகிற எவரிடமும் இதைக் கேட்கலாம். உதிரிப்பாகம் கையில் இருப்பது பெரிதில்லை, அது வேலை செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வரை சொல்ல எதுவும் இல்லை. மாஸ்டர் மணிக்கு 60க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹோர்ன் அடித்துக் கடந்து போயின. அனுராதபுரத்தைத் தாண்டி, மதவாச்சி, வவுனியா, ஓமந்தை என்று ஏ9 நீளத் தொடங்கியதும் வெயிலும் ஏறியது. கனகராயன்குளத்துக்குக் கிட்ட, மீற்றருக்குள் சிவப்பு விளக்கு ஒன்று சட்டென்று எரிந்தது.

மாஸ்டர் அடுத்த நிழலைத் தேடவில்லை. அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

அது டைனமோ விளக்கு. மற்ற வாகனங்கள் பலவற்றில் அது எரிந்தால் பற்றறி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டலாம். இந்த எஞ்சின் காற்றால் குளிர்வது. ரேடியேற்றர் இல்லை, தண்ணீர் இல்லை. டைனமோவின் மறுமுனையில்தான் காற்றாடி பூட்டியிருக்கிறது, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ற். விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பெல்ற் அறுந்துவிட்டது, காற்றாடி நின்றுவிட்டது. வெப்பம் காட்டும் ஊசி இந்த வானில் கிடையாது. அடுத்த சந்தி வரை போகலாம் என்று ஓட்டினால் எஞ்சின் இறுகிப் பிடித்துவிடும்.

மோட்டார் சைக்கிளில் வந்த பெடியன் ஒருவன் நிறுத்தினான். "என்ன ஐயா, சூடாகிட்டுதோ? பொறுங்கோ, தண்ணி கொண்டு வாறன்." நாங்கள் வாய் திறப்பதற்குள் போய் ஒரு பெரிய போத்தல் தண்ணீரோடு திரும்பி வந்தான். எங்கே ஊற்றுவது என்று வானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "தம்பி, இதுக்குத் தண்ணி வேண்டாம், எங்களுக்குத்தான் வேணும்" என்று மாஸ்டர் வாங்கிக் குடித்தார். ரேடியேற்றர் இல்லாத எஞ்சினா என்று அவன் நம்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

மாஸ்டர் உடனே ஸ்பனரை எடுக்கவில்லை. பின்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, வேலியோரம் இருந்த வேம்பின் கீழ் போய் உட்கார்ந்தார். கால் மணித்தியாலத்துக்கு மேல் கழிந்துதான் எழுந்தார். வழியில் நின்ற வாகனத்தை அவசரப்பட்டுத் தொடுகிறவன் கையைச் சுட்டுக்கொள்வான், இல்லாவிட்டால் நட்டைப் புல்லுக்குள் தொலைப்பான் என்பது அவர் கட்சி.

பெல்ற் நூல் நூலாகப் பிய்ந்து புலியை, அதாவது பெல்ற் ஓடும் சக்கரத்தை, சுற்றிக் கிடந்தது. குறட்டால் ஒவ்வொரு நூலாக இழுத்து எடுத்தார். பிறகு செய்ததைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். புதிய பெல்ற்றை மாட்டுவதற்கு முதல் டைனமோவின் புலியைக் கையால் சுற்றி, காதைக் கிட்டக் கொண்டுபோனார். அது தடையில்லாமல் சுற்றியது, கரகரப்பு இல்லை. பெயரிங் பிடித்திருந்தால் புதிய பெல்ற்றும் பத்து மைலில் கருகிப்போகும். அறுந்ததை மாற்றுவதோடு நின்றுவிடாமல் ஏன் அறுந்தது என்று பார்க்கிற இந்த அரை நிமிடத்தில்தான், பழைய வானை ஓட்டத் தெரிந்தவர் யார் என்பது தெரிகிறது.

புலி இரண்டு பாதியாகக் கழலும். உள்பாதியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. ஸ்குரூ டிரைவரை அதற்குள் கொடுத்து டைனமோவின் மேல் போல்ற்றில் முட்டவைத்தால் புலி சுற்றாமல் நிற்கும். 21 மில்லிமீற்றர் ஸ்பனரால் நட்டைக் கழற்றினார். இரண்டு பாதிக்கும் நடுவில் வட்டத் தகடுகள், அதாவது வாஷர்கள். நடுவில் வாஷர் கூடினால் பெல்ற் தளரும், குறைந்தால் இறுகும். நடுவிலிருந்து எடுத்த வாஷரை எறிவதில்லை, நட்டுக்குக் கீழே வெளிப்பக்கம் போட்டு அதன் மேலேயே நட்டை இறுக்க வேண்டும். அடுத்த முறை தேடி அலைய வேண்டியதில்லை. செய்த பொறியியலாளர் யாரோ, வீதியில் நிற்கிறவனை நினைத்துத்தான் செய்திருக்கிறார். கட்டைவிரலால் பெல்ற்றின் நடுவில் அழுத்தினார். ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு இறங்கியது. "காணும்."

எஞ்சின் உறுமியது, சிவப்பு விளக்கு அணைந்தது. பெடியன் கைதட்டினான்.

புதிய பெல்ற் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இழுபடும். ஆகவே முறிகண்டியில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் இந்தப் பாதையில் எந்தச் சாரதியும் போகமாட்டான், எப்படியும் நிற்கப் போகிற இடம். எல்லோரும் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்க, மாஸ்டர் பின்மூடியைத் திறந்து ஒரு வாஷரை நடுவிலிருந்து வெளியே மாற்றினார். அதற்குப் பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு கோயிலடிக்குப் போனார். நான் கச்சான் வாங்கினேன்.

மூடி திறந்திருந்தபோது இன்னொன்றையும் காட்டினார். காற்றாடிக் கூட்டுக்குள் ஒயில் கூலர் நிற்கிறது. அது மறைக்கிற காற்று மூன்றாம் சிலிண்டருக்குச் சரியாகப் போவதில்லை. அதனால் எப்போதும் அந்தச் சிலிண்டரின் வால்வுதான் முதலில் கருகும். 1971 மொடலில் கூலரை இடம் மாற்றி இந்தக் குறையைக் கம்பனியே திருத்தியது. எஞ்சினைச் சுற்றியுள்ள றப்பர் பட்டி பிய்ந்திருந்தால் இன்னும் மோசம். கீழே போகவேண்டிய சூடான காற்று மேலேறி, அதையே காற்றாடி மறுபடி இழுக்கும். பழைய வானுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கிறவர்கள் இந்தப் பட்டியை மாற்றுவதில்லை. பெயின்ற் வெளியே தெரிகிறது, பட்டி தெரிவதில்லை.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர், ஒரு மரம் கிடையாது. அங்கேதான் வான் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

எஞ்சின் சுற்ற வேண்டுமானால் பெற்றோல் வேண்டும், தீப்பொறி வேண்டும். எது இல்லை? மாஸ்டர் எயார் கிளீனரைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் பார்த்தபடி லிவரை இழுத்தார். மெல்லிய நூலாகப் பெற்றோல் பாய்ந்தது. அப்படியானால் பெற்றோல் இருக்கிறது. எயார் கிளீனரைத் திரும்பப் பூட்டி, பெற்றோல் மணம் போகும்வரை பொறுத்து, கொயிலிலிருந்து வரும் தடித்த வயரின் நுனியை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்து என்னை ஸ்ராட் பண்ணச் சொன்னார். நீலமாக வெடிக்க வேண்டிய பொறி மஞ்சளாக, சோர்ந்து வந்தது. பொயின்ற்றின் முகமும் கறுத்திருந்தது. கண்டென்சர்தான். தகரத்திலிருந்த பழைய கண்டென்சரைப் பூட்டினார். பொயின்ற்றைத் தேய்த்து இடைவெளியை 0.4 மில்லிமீற்றருக்கு வைத்தார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். 1990இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் கறுத்த புகையோடு அப்படித்தான் ஓடின. "அந்த நாளில எல்லாரும் மெக்கானிக்தான் தம்பி" என்றார். அந்தத் தட்டுப்பாட்டைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர் அப்படிப் பேசவில்லை. மருந்துக்கும் அரிசிக்கும் அலைந்ததையும் அதோடு சேர்த்தே சொன்னார்.

சாவகச்சேரியில் அக்சிலரேற்றர் கேபிளும் அறுந்தது. இருட்டிவிட்டதால் மாற்றவில்லை. காபரேற்றரின் ஐடில் ஸ்குருவைக் கொஞ்சம் திருகிக் கூட்டிவிட்டு, இரண்டாம் கியரில் ஊர்ந்தே வீடு வந்தோம்.

பழைய வானை வாங்குகிறவர்களும் வாடகைக்கு எடுக்கிறவர்களும் பெயின்ற்றையும் திரைச்சீலையையும் பிறகு பாருங்கள். முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பெற்றோல் குழாயை மடித்துப் பாருங்கள், வெடிப்பிருந்தால் மாற்றும்வரை ஏறாதீர்கள். மேலதிக பெல்ற் இருக்கிறதா, அதை மாற்றுகிற 21 ஸ்பனர் இருக்கிறதா என்று கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். அந்த பல்ப் செத்திருந்தால் பெல்ற் அறுந்ததே உங்களுக்குத் தெரியவராது.