தமக்கையாரின் வீடு

கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். நாமோ அக்கல்லூரியின் சித்திர வகுப்பில் வரைந்த ஒரு வீட்டைப் பற்றியே எழுதத் துணிந்தோம். பழைய மாணவ நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

எமது ஊர் ஈச்சிலம்பற்று. 1960களில் விடுமுறை விட்டதும் திருகோணமலையில் இயந்திரப் படகேறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்குவோம். கிளிவெட்டி வழியாக வீடு சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

மண்சுவர், கிடுகுக் கூரை, முதிரை மரத் தூண்கள்; அவ்வளவே வீடு. ஆயினும் அதன் அத்திவாரம் இடுப்பளவு உயரம். மகாவலியின் கிளையான வெருகலாறு பெருகும் ஊரில் வேறெப்படிக் கட்டுவது? 1957 டிசம்பர் வெள்ளம் இரண்டாம் படியோடு நின்றதாகத் தாயார் சொல்வார். முன்னே ஆடவர்க்குத் திண்ணை. பின்னே பெண்களுக்கு உள்வீடு. சமையற் குடில் மட்டும் தென்கிழக்கில் தனித்து நின்றது. அக்கினி மூலை என்று சாத்திரம் கூறுவர். மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அடுப்புப் பொறி வீட்டுக் கூரைமேல் விழாமல் அப்பாற் செல்லும் என்பதே எமக்குத் தோன்றும் காரணம்.

இவ்வீட்டை "எமது வீடு" என்று தலைப்பிட்டு வகுப்பில் வரைந்தோம். அளவு எழுதாத படம் படமன்று என்பது ஆசிரியர் கட்டளை. ஆதலால் விடுமுறையிற் சென்று காலடியால் அளந்து எழுதினோம்: கிணற்றிலிருந்து சமையற் குடிலுக்குப் பதினான்கு எட்டு. படத்தைக் கண்ட அம்மான் சிரித்தார். "மருமகன், அது கொக்காட வீடு. உன்ட வீடு நீ கலியாணம் முடிக்கிற இடத்தில கிடக்கு" என்றார்.

உண்மைதான். எம் பகுதியில் வீடு தாயிடமிருந்து மகளுக்கே சேரும். மகளுக்கு மணமானதும் பெற்றோர் அதே வளவில் ஒரு குடில் கட்டி ஒதுங்குவர். வழக்கம் அறிந்திருந்தும் அன்றிரவு நாம் உண்ணவில்லை. தலைப்பை அழித்துத் "தமக்கையார் வீடு" என்று எழுதியதை நினைத்தால் இன்றும் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

2006ஆம் ஆண்டுப் போரில் ஊர் வெறுமையாயிற்று. தமக்கையாரும் பிள்ளைகளும் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் அலைந்தனர். 2007இல் அவர்கள் திரும்பியபொழுது நாமும் உடன் சென்றோம். வளவில் எஞ்சியது கிணறு மட்டுமே. பற்றை மூடிய நிலத்தில் திண்ணை எது, உள்வீடு எது என்று தெரியவில்லை. உதவியாகக் கிடைக்கவிருந்த கல்வீட்டின் வரைபடத்தில் திண்ணையுமில்லை, அடுப்போ வீட்டினுள்ளே.

"தம்பி, குசினி எந்த இடத்தில நிண்டது?" என்றார் தமக்கையார். படம் தொலைந்து பல்லாண்டு. அளவு மட்டும் மறக்கவில்லை. கிணற்றடியிலிருந்து பதினான்கு எட்டு வைத்தோம். வேலிக்கு வெளியே போய் நின்றோம்! "அப்ப உனக்குச் சின்னக் காலெல்லோ" என்று அவர் சிரித்தார். அந்த ஓராண்டில் அவர் சிரித்ததை நாம் கண்டது அன்றுதான். பிறகு எட்டைக் குறுக்கிக் குறுக்கி நடந்து ஓரிடத்தில் நின்றோம். மண்வெட்டி இரண்டு முறை விழுந்தது. கருஞ்சாம்பல் மண் வந்தது.

கல்வீடு கட்டி முடித்து, அவ்விடத்திலேயே கிடுகு வேய்ந்து ஒரு சமையற் குடிலும் போட்டார். வீடு இப்பொழுது மருமகள் பெயரில் இருக்கிறது. தமக்கையார் குடிலோடு ஓர் அறையை இறக்கி அதிலே வசிக்கிறார். நாம் சென்றால் எமக்குச் சோறு அங்கேதான்.