கட்டுப் போட்ட பிறகு விரலைப் பாருங்கள்



போன முறை நம் சுவர்ப் பத்திரிகையில் கோமுகி அணையைப் பற்றி எழுதினேன். இந்த முறை என் தம்பியின் கையைப் பற்றி எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. "அதையும் மறைக்காம எழுது" என்று தமிழ் டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பு படித்த என் தம்பி, மழையில் நனைந்த நாவல் மரத்தில் ஏறி வழுக்கி விழுந்தான். இடது கையை ஊன்றி விழுந்ததால் முழங்கைக்கு மேலே பந்து மாதிரி வீங்கிவிட்டது.

கள்ளக்குறிச்சிக்குப் போகணும்னா மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிப் போகணும். மழை வேற. கையிலே பணமும் இல்லை. அதனால் பக்கத்து ஊரிலிருந்து கட்டுக் கட்டும் தாத்தா ஒருவரை அழைத்து வந்தார்கள். நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் ஆந்திராவில் இருக்கும் புத்தூர் வரைக்கும் போய்க் கட்டுப் போடுகிறவர்கள் உண்டு. அதனால் யாருக்கும் பயம் இல்லை. தாத்தா முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். அப்போது மணி மூன்று.

அம்மா கைமாத்து வாங்கப் போனார். "தம்பியைப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கட்டுப் போட்ட பிறகு வலி குறையணும். ஆனால் அவன் முன்னைவிட அதிகமாக அழுதான். எனக்குக் கோபம் வந்தது. "நடிக்காதடா. கட்டுப் போட்டாச்சு இல்ல, சும்மா இரு" என்று அதட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து அவனே அழுகையை நிறுத்திவிட்டான். "அக்கா, கை மரத்துப் போச்சு" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். கட்டு வேலை செய்யுது என்று நினைத்து, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டும் நேரத்தில் ஆயா அவனுக்குக் கஞ்சி கொடுக்கப் போனார். அவன் விரலைப் பார்த்ததும் கத்திவிட்டார். விரல் ஐந்தும் வீங்கி, நகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. "நர்ஸ் வூட்டுக்கு ஓடு" என்றார் ஆயா. ஓடினேன்.

நர்ஸ் அக்கா டார்ச்சோடு வந்தார். வந்ததும் கையைத் தொடவில்லை. முதலில் கேட்டார். எப்போ விழுந்தே? எப்போ கட்டினாங்க? வலி எப்போ அதிகமாச்சு? எப்போ மரத்துச்சு? கடைசிக் கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன். என் குரல் நடுங்கியது.

அப்புறம் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல கையின் நகத்தை அழுத்தி விட்டார். வெள்ளையாகி, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பியது. கட்டுப் போட்ட கையில் நிறம் திரும்பவே இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரலைத் தொட்டார். எந்த விரல் என்று தம்பிக்குத் தெரியவில்லை. ஒரு விரலை மெதுவாக நிமிர்த்தினார். "அம்மா!" என்று அலறினான். நாடியைப் பிடித்துப் பார்த்தவர் வேறு எதுவும் பேசவில்லை. கத்திரிக்கோலால் கட்டை நீளவாக்கில், தோலை ஒட்டிய துணி வரைக்கும் வெட்டினார். கையைத் தொங்கவிடாமல், நெஞ்சு மட்டத்துக்குத் தலையணையில் வைத்தார். 108-க்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் நகத்தில் லேசாகச் சிவப்பு வந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா அழுதார்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பைச் சேர்த்து, பாதி மாவுக்கட்டுப் போட்டார்கள். "காலையில பாத்துக்கலாம்னு இருந்திருந்தா விரல் மடங்கிப் போயிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அறிவியல் ஆசிரியர் பிறகு எனக்கு விளக்கினார். தசையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது அதிகம் விரியாது. உள்ளே வீங்கும்போது வெளியே கட்டும் இறுகினால் ரத்தம் போக வழி இல்லை. நரம்பு முதலில் மரக்கும். சுமார் ஆறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துப் போகலாம். ஜெர்மனியில் வோக்மன் என்ற அறுவை மருத்துவர் 1881-லேயே, இறுக்கிய கட்டினால் கை மடங்கிப் போவதை எழுதியிருக்கிறாராம். ஆகவே ஊர்க் கட்டு மட்டும் இல்லை, மாவுக்கட்டும் இறுகலாம். கட்டுக் கட்டிய தாத்தா தம்பியைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னேன். அவர் தன் நகத்தையே அழுத்தி அழுத்திப் பார்த்தார். "இனிமே நானும் பாக்குறேன் கண்ணு" என்றார்.

அதற்கு அப்புறம் நர்ஸ் அக்கா ஆயாவின் முழங்காலைப் பார்த்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். அதே வரிசைதான். கேட்டார், பார்த்தார், தொட்டார், அசைத்தார். நடக்கச் சொன்னார். இரண்டு காலையும் ஒப்பிட்டார். முட்டியில் கை வைத்து மடக்கியபோது கரகரவென்று சத்தம் வந்தது. மூட்டுத் தேய்மானம் என்றார். குத்துக்கால் போட்டு உட்காராமல் முக்காலியில் உட்காரச் சொல்லி, தொடையை இறுக்கிவிடும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஆயா கூன் விழுந்ததற்கு எலும்பு மெலிந்ததும் காரணமாக இருக்கலாம், கேழ்வரகை விடாதீங்க என்றார்.

நண்பர்களே, யாருக்காவது கட்டுப் போட்டால் இவற்றை அடிக்கடி பாருங்கள்:

1. வலி குறைகிறதா, கூடுகிறதா?
2. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு சீக்கிரம் திரும்புகிறதா?
3. விரல் ஜில்லென்றோ நீலமாகவோ இருக்கிறதா?
4. தொட்டால் தெரிகிறதா? மரத்திருக்கிறதா?
5. விரலை அசைக்க முடிகிறதா?

ஒன்று சரியில்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. உடனே நர்ஸையோ 108-ஐயோ கூப்பிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ் அக்கா தசை பலத்துக்கு மார்க் போட்டார். அசையவே இல்லை என்றால் 0. தானாகத் தூக்க முடிந்தால் 3. எதிர்த்துத் தள்ளினாலும் தாங்கினால் 5. தம்பிக்கு முதலில் 3 தான். தினமும் ஈரத்துணி பிழிந்தான், கேழ்வரகு மாவு பிசைந்தான். இப்போது 5. கணக்கில்கூட அவன் அஞ்சுக்கு அஞ்சு வாங்கியதில்லை என்று அம்மா சிரிக்கிறார்.

சுண்டு விரல் மட்டும் குளிரில் இன்னும் கொஞ்சம் மரக்கிறதாம். அவன் அப்படிச் சொல்லும்போது நான் அதட்டுவதில்லை. நகத்தை அழுத்திப் பார்க்கிறேன். நான் படித்து நர்ஸ் ஆகணும் என்பது என் ஆசை. என் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் அதற்கு நாவல் பழம் கேட்டான்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி