உரத்துச் சொன்னால் உண்மையா?

அரசுப் பள்ளி ஒன்றில் 2024 ஆகஸ்ட் 28 அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைக்கப்பட்டு வந்த மகாவிஷ்ணு, போன பிறவிப் பாவத்தால்தான் மனிதர்கள் ஏழையாகவும் உடல் குறையோடும் பிறக்கிறார்கள் என்று பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் சங்கர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். செப்டம்பர் 7 அன்று மகாவிஷ்ணு கைதானார்.

அந்தக் காணொளியை நாங்கள் பலமுறை பார்த்தோம். பேச்சாளரின் குரலில் துளி தயக்கம் இல்லை. இதைப் பேசக் கூடாதென எந்தச் சட்டம் சொல்கிறது என்று ஆசிரியரையே மடக்கினார். சட்டம் சொல்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(1). அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது கடமை என்கிறது 51ஏ(எச்). அவருடைய உறுதிக்கும் அவருக்குத் தெரிந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கோ எல்லாம் நேர்மாறு. பதில் தெரிந்தும் "சரியான்னு தெரியலை" என்று தொடங்குவார்கள். நேர்முகத் தேர்வில் அதற்குப் பெயர் 'தன்னம்பிக்கைக் குறைவு'. தலைமுறை தலைமுறையாக "நீ பேசாதே" என்று அடக்கப்பட்டவர்களின் தயக்கத்தைத் தகுதிக் குறைவு என்று எழுதி வைக்கிறார்கள்.

நாங்களும் யோக்கியர்கள் அல்ல. அந்த வாரம் எங்கள் மாலை வகுப்பில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "நெஜமாவே அப்டி இருக்குமாண்ணா?"

இருபது நிமிடம் முழங்கினோம். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அண்ணல் அம்பேத்கர் முற்பிறவிக் கர்மத்தை மறுத்ததைச் சொன்னோம். பிறப்பால் தாழ்ந்தவன் என்பதற்கு இந்தக் கர்மக் கதைதானே முட்டுக் கொடுக்கிறது என்றோம். அவள் தலையாட்டினாள். புரிந்துகொண்டாள் என்று முடிவு கட்டினோம்.

அடுத்த வாரம்தான் ஏன் கேட்டாய் என்று விசாரித்தோம். இயற்பியலில் மதிப்பெண் குறைந்ததற்கு வீட்டில் "நம்ம தலையெழுத்து" என்றார்களாம்.

"அப்படின்னா படிச்சு என்ன பிரயோஜனம்னு தோணுச்சுண்ணா."

அன்று நாங்கள் சொன்னது சரிதான். ஆனால் சொன்ன விதம் அந்த மேடைப் பேச்சிலிருந்து எவ்வளவு தூரம்? அவளுடைய தலையாட்டலை நம்பிக்கை என்று படித்தோமே, அவளுடைய தயக்கத்தை மற்றவர்கள் அறியாமை என்று படிப்பதிலிருந்து அது எவ்வளவு வேறு?

உரத்துப் பேசுகிறவரிடம் ஆதாரம் கேட்போம். தயங்குகிறவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவோம். அந்தப் பெண் இப்போது இயற்பியலில் சந்தேகம் கேட்கிறாள், எங்களுக்குத் தெரியாததையும் சேர்த்து.