நட்சத்திரக் கப்பலுக்கு விளக்கு

பயனில்லாத காரியங்களில் மனிதன் காட்டும் சிரத்தையைப் பயனுள்ள காரியங்களில் காட்டியிருந்தால் உலகம் எவ்வளவோ முன்னேறியிருக்கும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடும் உத்தேசம் எனக்கு இல்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பொம்மைக் கப்பல் ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் ஐம்பது விளக்குகளை எரிய வைப்பதனால் தேசத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்று ஒப்புக்கொண்டு விடுவேன். ஆனால், அந்த வேலையைச் செய்து பார்த்தவனுக்கு மட்டும் தெரியக்கூடிய ஒரு விசித்திரம் அதில் இருக்கிறது. விளக்கு வைப்பது அங்கே சுலபமான பகுதி. கஷ்டமெல்லாம் இருட்டை உண்டாக்குவதில்தான்.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "ஸ்டார் ட்ரெக்" என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் "எண்டர்பிரைஸ்" கப்பல் அது. முன்னால் பெரிய வட்டத் தட்டு. அதன் கீழே சுருட்டைப் போன்ற உடல். பின்னால் இரண்டு மெல்லிய கைகள் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு நீண்ட எஞ்சின்கள். கதைப்படி அதன் நீளம் 289 மீட்டர். அதை 350-ல் ஒரு பங்காகக் குறைத்து, போலார் லைட்ஸ் என்னும் கம்பெனியார் 2012-ல் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒட்டி முடித்தால் ஏறக்குறைய 82 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் அதை வைப்பதற்கென்று அலமாரியிலிருந்து வெளியேற்றப்பட்ட வெண்கலப் பாத்திரங்களைப் பற்றி இங்கே பேசாமல் இருப்பதே குடும்ப சமாதானத்துக்கு நல்லது.

இந்தக் கப்பலோடு எனக்கும் என் அண்ணாவுக்கும் உள்ள சிநேகம் 1980-களில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் இந்தத் தொடரைக் காட்டிய காலம். எதிர்வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. ஆகையால், கப்பலின் எஞ்சின் முனைகளில் சுழலும் குமிழ்கள் ஆரஞ்சு நிறமானவை என்பது பல வருஷங்களுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவை பால் நிறம் என்று அண்ணா பந்தயம் கட்டத் தயாராக இருந்தார். நான் நீலம் என்று எண்ணியிருந்தேன்.

அண்ணா மின்சாரத் தொழிலில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய கண்ணில் ஒரு கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போகிற வியாதி. வலது கண்ணில் நடுப் பார்வை போயே விட்டது. இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். இந்த வியாதியின் குரூரம் என்னவென்றால், எதை நேராகப் பார்க்க விரும்புகிறோமோ அதுதான் மறைகிறது. ஓரங்கள் மிஞ்சுகின்றன. பத்திரிகை படிக்க முடியாது. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால், அவர் பக்கத்தில் நிற்கும் நாற்காலி தெரியும். நான் முன்னொரு சமயம் ஒட்டி வைத்திருந்த சின்னக் கப்பல் ஒன்றை அவரிடம் காட்டினேன். அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "தட்டு நன்றாக வந்திருக்கிறது" என்றார். கையால் பார்த்துத்தான் சொன்னார். அன்றைக்கே இந்தப் பெரிய கப்பலை விளக்கோடு செய்வதென்று தீர்மானித்துவிட்டேன். ஓரப் பார்வைக்கு எழுத்தும் சித்திரமும் எட்டாவிட்டாலும், இருட்டில் எரியும் வெளிச்சமும், முக்கியமாக அசைகிற வெளிச்சமும் எட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உண்மையான "எண்டர்பிரைஸ்" உருவத்துக்கும் முதலில் விளக்கு இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. மாட் ஜெஃப்ரீஸ் வரைந்த வடிவத்தை வைத்து, ரிச்சர்ட் டேட்டினும் அவரைச் சேர்ந்தவர்களும் 1964-ல் ஏறக்குறைய 11 அடி நீளத்தில் மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் உலோகத்தாலும் அதைச் செய்து கொடுத்தார்கள். முதல் பரீட்சைப் படத்தில் அது இருண்ட கப்பலாகவே மிதந்தது. அதற்குப் பிறகுதான் அதற்குள் விளக்குகளைப் பொருத்தினார்கள். எஞ்சின் குமிழ்களுக்குள் கிறிஸ்துமஸ் அலங்கார விளக்குகள், உடைந்த கண்ணாடித் துண்டுகள், அவற்றுக்கு முன்னால் மோட்டாரால் சுழலும் விசிறி! இவ்வளவுக்கும் மின்சாரம் வேண்டுமே? கப்பலின் இடப்பக்கத்தில் துளை போட்டுக் கம்பிகளை நுழைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு அலங்காரமும் இல்லை, காமிராவும் இல்லை. நாம் கண்டு வியந்ததெல்லாம் பெரும்பாலும் வலப்பக்கந்தான். இடப்பக்கம் காட்ட வேண்டிய சமயத்தில் எழுத்துக்களைத் தலைகீழ் பிம்பமாக ஒட்டிப் படம் பிடித்து, பிறகு படத்தையே புரட்டிப் போட்டார்கள். 1974-ல் அந்த உருவம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 2016-ல் அதைப் புதுப்பித்தபோது பழைய பல்புகள் இருந்த இடத்தில் எல்.இ.டி. விளக்குகளை வைத்தார்கள்.

எல்.இ.டி. என்பது இழை இல்லாத விளக்கு. ஒரு சிறு படிகத்தில் மின்சாரம் பாயும்போது அதுவே ஒளியை உமிழ்கிறது. 1962-ல் நிக் ஹோலோன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு விளக்கைச் செய்து காட்டினார். ஆனால், பிரகாசமான நீலம் வருவதற்கு மேலும் முப்பது வருஷம் ஆயிற்று. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. ஏனெனில், நீல ஒளியின் மேல் மஞ்சள் நிறம் தரும் பூச்சைப் போட்டுத்தான் வெள்ளையை உண்டாக்குகிறார்கள். அந்த நீலத்துக்காக அகாஸாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கு 2014-ல் நோபெல் பரிசு கிடைத்தது. எனக்கு வேண்டியிருந்ததோ அரிசி மணிக்குச் சமமான இரண்டு டஜன் வெள்ளை விளக்குகள்!

இனி இருட்டின் கதைக்கு வருவோம். கப்பலின் பிளாஸ்டிக் மெல்லியது. உள்ளே ஒரு விளக்கை ஏற்றி அறையை இருட்டாக்கிப் பார்த்தால், ஜன்னல்கள் மட்டுமா பிரகாசிக்கின்றன? கப்பல் முழுவதும் காகிதக் கூண்டு விளக்கைப் போல ஒளிர்கிறது. ஒட்டிய விளிம்புகளில் எல்லாம் வெளிச்சம் கோடு கோடாகக் கசிகிறது. 289 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கோட்டை என்று நாம் நம்ப வேண்டியது, அந்தக் கணத்தில் பாலுக்கு விட்ட பிளாஸ்டிக் டப்பாவாகி விடுகிறது. ஆகவே, உட்புறம் முழுவதும் கறுப்பு வர்ணம் பூச வேண்டும்; ஒரு தரம் போதாது, இரண்டு மூன்று தரம். கறுப்பை மட்டும் விட்டால் அது வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும். ஆகையால், அதன்மேல் வெள்ளை பூசி, ஒளியை ஜன்னல் பக்கம் திருப்பி அனுப்ப வேண்டும். விளிம்பு ஒவ்வொன்றையும் உள்ளிருந்து அடைக்க வேண்டும். பிறகு மறுபடி இருட்டறை, மறுபடி ஊசி முனை போன்ற ஒரு கசிவு, மறுபடி கறுப்பு. இப்படியே மூன்று வாரங்கள் போயின. எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஒருவன் மேஜையடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டார் மின்சாரத் தடை என்று நினைத்து மெழுகுவர்த்தி கொண்டு வந்து கொடுத்தார்கள்.

மிகச் சிறிய ஜன்னல்களுக்கு ஒளியிழை என்னும் கண்ணாடி போன்ற நூலைச் செருகுவது வழக்கம். அரை மில்லி மீட்டர் துளை போட்டு, இழையை உள்ளே விட்டு, மறுமுனைகளை ஒரு கொத்தாகக் கட்டி ஒரே விளக்கின் முன் நிறுத்தினால், ஒரு விளக்கு முப்பது ஜன்னல்களுக்கு வேலை செய்யும். அதை ஒட்டுவதற்கு அவசரக்காரர்கள் உபயோகிக்கும் சூப்பர் குளூ உதவாது. அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். இழையும் முறுகி ஒடியும். தச்சர் உபயோகிக்கும் வெள்ளைப் பசையே உத்தமம்.

மின்சாரக் கணக்கு முழுவதும் அண்ணாவுடையது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அடாப்டர் பன்னிரண்டு வோல்ட். வெள்ளை விளக்கு ஒன்றுக்கு 3.2 வோல்ட். மூன்றாகக் கோத்தால் சிக்கனம். ஆனால், வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் மூன்றும் சேர்ந்து படுத்துவிடும். நீ இரண்டாகக் கோத்துக்கொள். 6.4 போக மிச்சம் 5.6. இருபது மில்லி ஆம்பியருக்கு 280 ஓம் வரும். 330 போடு. கொஞ்சம் மங்கலாக எரியும், சூடு குறையும், ரொம்ப நாள் உழைக்கும்."

"மங்கலாக எரிந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டாமா, அண்ணா?" என்று கேட்டேன்.

"எனக்காகக் கப்பலைக் கெடுக்காதே" என்றார்.

வந்த சங்கடம் இதுதான். மாடல் செய்கிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. ஜன்னல் வெளிச்சம் கண்ணைப் பறித்தால் கப்பல் சின்னதாகிவிடும். தூரத்தில் போகும் ரயிலின் ஜன்னல்களைப் போல அது அடங்கித் தெரிய வேண்டும். அண்ணாவின் கண்ணுக்கோ அடங்கிய வெளிச்சம் வெளிச்சமே அல்ல. ஆகையால், பீடத்தில் ஒரு திருகு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை ஏற்றி இறக்கலாம் என்று யோசித்தேன். கடையில் கிடைத்த சாதனத்தைப் பொருத்தினேன். அது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விட்டு மங்கச் செய்கிற ரகம். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அண்ணா மட்டும், "துடிக்கிறதே!" என்றார். நடுப் பார்வைக்குத் தெரியாத துடிப்பை ஓரப் பார்வை கண்டுபிடித்துவிடும் என்று அப்போது அறிந்தேன். அதைக் கழற்றிவிட்டு, வோல்ட்டையே ஏற்றி இறக்கும் சிறு ரெகுலேட்டரை வைத்தோம். துடிப்பு நின்றது. விளக்குகளை இரண்டிரண்டாகக் கோக்கச் சொன்ன அண்ணாவின் ஜாக்கிரதையும் அங்கேதான் பலித்தது. வோல்ட் குறைந்தபோது ஜன்னல்கள் மங்கினவே தவிர, அணையவில்லை.

எஞ்சின்களின் விஷயம் வேறு. குமிழுக்குள் பத்து விளக்குகளை வட்டமாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எரிய விட்டால் சுழல்வது போலவே இருக்கும். 555 என்ற எண்ணுள்ள ஐ.சி. ஒன்று துடிப்புகளைத் தரும். 4017 என்பது அவற்றை எண்ணிப் பத்துக் கம்பிகளுக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிடும். அந்தப் பத்துக் கம்பிகளையும் மெல்லிய கைகளின் வழியாக இழுக்கப் பார்ப்பது வீண் முயற்சி. இரண்டு ஐ.சி.க்களையும் எஞ்சினுக்குள்ளேயே குடியேற்றிவிட்டால், கைக்குள் மின்சாரத்துக்காக இரண்டே கம்பிகள் போதும். எனாமல் பூசிய தலைமயிர் போன்ற செம்புக் கம்பி அதற்கு இடம் கொடுத்தது. தட்டின் இடப்புறத்தில் சிவப்பு, வலப்புறத்தில் பச்சை, மேலே ஒரு வெள்ளை. கடற்கப்பலுக்கும் ஆகாய விமானத்துக்கும் உள்ள அந்த நிற விதியைக் கற்பனைக் கப்பலும் மீறவில்லை.

எந்த ஜன்னலை இருட்டாக விடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு முழு நாள் தர்க்கம் நடந்தது. எல்லாம் எரிய வேண்டும் என்றது அண்ணாவின் பேத்தி. அவளுக்குப் பதினொரு வயது. "கப்பலில் 430 பேர் இருக்கிறார்கள், மூன்றில் ஒரு பங்குக்காரர் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டாமா?" என்றார் அண்ணா. அவள் யோசித்துவிட்டு, தூங்குகிறவர்களுக்கு ஒவ்வொருவராக அறை ஒதுக்க ஆரம்பித்தாள். சமையற்காரருக்கு மட்டும் விளக்கு எரிய வேண்டுமாம். ஒரு ஜன்னலை அவள் கறுப்பால் அடைத்தபோது, உள்ளே யாரோ போர்வையை இழுத்து மூடிக்கொண்டது போலவே எனக்கும் தோன்றியது.

கடைசியில் மூடுவது. தட்டின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டால் பிறகு திறக்க முடியாது. விளக்கு கெடுவது அபூர்வம். பற்றவைத்த இடம் விட்டுப் போவதுதான் வழக்கம். "ஒரு வாரம் இரவும் பகலும் எரியட்டும், தட்டிப் பார், ஆட்டிப் பார், பிறகு மூடு" என்றார் அண்ணா. ஆனால், அந்த வாரத்தின் நடுவில் அவருக்கு மறுபடி கண் பரிசோதனை இருந்தது. போய் வந்தவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை நாள் ஆயிற்று?" என்று கப்பலைப் பற்றித்தான் கேட்டார். நான்கு நாள் என்றேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று கணக்காகச் சொன்னார். மூன்று நாளும் பொறுத்துத்தான் மூடினோம்.

அன்று இரவு அறையை இருட்டாக்கிப் பீடத்தின் திருகை அவர் கையில் கொடுத்தேன். அவர் கப்பலைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு முழம் இடது பக்கம் இருந்த வெறும் சுவரைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் கப்பல் அவருக்குத் தெரியும். திருகை மெல்ல ஏற்றினார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சுழல்கிறது, இரண்டும் சுழல்கிறது" என்றார். இன்னும் சிறிது நேரம் கழித்து, "ஆரஞ்சுதான், ஒப்புக்கொள்கிறேன்" என்றார்.

இப்போது அந்தக் கப்பல் அவர் அறையில்தான் இருக்கிறது. நாங்கள் யாராவது போனால் திருகை இறக்கி வைக்கிறார். தனியாக இருக்கும்போது முழுவதும் ஏற்றிக்கொள்கிறார் என்று பேத்தி சொல்லுகிறாள். இரவு முழுவதும் அது எரிவதைப் பற்றி அண்ணி ஒரு நாள் ஆட்சேபித்தார்கள். மின்சார பில்லை நினைத்துத்தான். "எல்லாம் சேர்ந்து நாலு வாட், ஒரு யூனிட் ஆவதற்கு 250 மணி நேரம் எரிய வேண்டும்" என்று அண்ணா உடனே பதில் சொல்லிவிட்டார்.