சித்திரை வெயிலும் சிப்செட்டும்

மதர்போர்டு மாற்றுவது பற்றி நமக்குள் பேச்சு வந்தால் உடனே "என்ன பிராசஸர், எத்தனை ஜிபி ராம்?" என்றுதான் கேட்போம். போர்டின் நடுவே ஒரு அலுமினியத் துண்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சிப்செட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிராசஸருக்கு விசிறி உண்டு, பவர் சப்ளைக்கு விசிறி உண்டு. சிப்செட்டுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. ஆனால் போன சித்திரையில் ஆரணியில் எங்கள் பக்கத்துத் தறிகள் பத்துப் பன்னிரண்டை நிறுத்தி வைத்தது இந்தச் சிப்செட்தான். அதில் எங்கள் அப்பாவின் தறியும் ஒன்று.

கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கலாம். பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் வரும் மயில், அன்னம், மாங்காய் எல்லாம் ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டைகளில் இருந்து வருபவை. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே எழும், இல்லையென்றால் எழாது. ஆமாம், நாம் படிக்கும் 1, 0 தான்! பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்கை ஏற்றும் முறையில்தான் 1890-ல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் இயந்திரங்கள் எண்ணின. தறியில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போன அட்டை, இப்போது கம்ப்யூட்டரில் இருந்து தறிக்கு வருகிறது. டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதை வைத்து அட்டை குத்துகிறார்கள். அட்டை வராவிட்டால் பாவு ஏற்றி வைத்திருந்தும் புது டிசைன் போட முடியாது. நெய்தால்தான் கூலி.

எங்கள் தெரு முனையில் இருக்கும் டிசைன் கடையில் ஒரே ஒரு மெஷின். ஜி31 சிப்செட் போர்டு, விண்டோஸ் எக்ஸ்பி. டிசைன் சாஃப்ட்வேரின் பூட்டு, பின்பக்கம் 25 பின் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால் சாஃப்ட்வேர் திறக்காது. கடைக்கார அண்ணன் சொன்னது இதுதான்: "தம்பி, காலையில நல்லா ஓடுது. பதினோரு மணி ஆனா அப்படியே கல்லு மாதிரி நின்னுடுது. மெக்கானிக் பார்த்துட்டு பிராசஸர் போச்சு, எல்லாத்தையும் புதுசா வாங்குங்கன்றான். சாஃப்ட்வேரும் சேர்த்தா லட்சத்துக்கிட்ட வருது. நான் இன்னா பண்றது?" லட்சம் போட முடியாவிட்டால் கடையை மூடிவிடுவதாக இருந்தார். அப்புறம் அட்டைக்குக் காஞ்சிபுரம்தான் போய் வர வேண்டும்.

என் வகுப்பு நண்பனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். நின்ற உடனே ரீஸ்டார்ட் செய்து பயாஸில் பார்த்தால் பிராசஸர் 58 டிகிரிதான். அது பயப்படும் சூடு இல்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டு சிப்செட்டின் ஹீட் சிங்க்கைத் தொட்டால் விரலை ஒரு நொடி வைக்க முடியவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, மேஜை விசிறியை நேராக அதன் மேல் திருப்பி வைத்தோம். அன்று மாலை ஆறு மணி வரை மெஷின் நிற்கவே இல்லை. செலவில்லாத டெஸ்ட் இது, யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஏன் சிப்செட் சுட்டது? ஜி31 காலத்துப் போர்டுகளில் நார்த் பிரிட்ஜ் என்ற அந்த ஒரே சிப்புதான் ராமையும் கவனிக்கும், மானிட்டருக்குப் படத்தையும் அனுப்பும். அதிகபட்சம் 15.5 வாட் வெப்பம் என்று இன்டெல் கொடுத்திருக்கிறது. இனி 7805-க்கு ஹீட் சிங்க் போட்ட நம் கணக்குதான். ஹீட் சிங்க்கும் பேஸ்ட்டும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15.5 தடவை 3, அதாவது 46.5 டிகிரி. மார்கழியில் கேபினட்டுக்குள் காற்று 32 டிகிரி என்றால் சிப் 78.5-ல் நிற்கும். சித்திரையில் உள்ளே 48 என்றால் 94.5. பேஸ்ட் காய்ந்து அந்த 3 என்பது 4 ஆகிவிட்டால்? 110! காலையில் ஓடி மத்தியானம் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பேஸ்ட் நிஜமாகவே காய்ந்துதான் இருந்தது. ஹீட் சிங்க்கைக் கழற்றினால் வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அலுமினிய இதழ்களுக்கு இடையே பட்டு இழைத் தூசி கம்பளி போல அடைத்திருந்தது. ஆரணியில் பட்டுக்குப் பஞ்சமில்லை, அரிசி மில்லுக்கும் பஞ்சமில்லை. இழைத் தூசியின் மேல் தவிட்டுத் தூசியும் படிந்தால் காற்று எப்படிப் போகும்? பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும் என்று வெயில் காலத்தில் அப்பா தறியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து வைப்பார். பாவுக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் மெஷினுக்குக் கிடைக்கவில்லை.

சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. சூடு 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று படித்திருக்கிறோம் அல்லவா, அதைக் கண்ணால் பார்த்தோம். போர்டை மாற்றுவதுதான் சரி என்று முடிவு செய்தோம்.

புதுப் போர்டு எதை வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. பூட்டுக்குப் பிரிண்டர் போர்ட் வேண்டும். யூஎஸ்பி-யில் இருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் ஒயர் கடையில் கிடைக்கிறது, ஆனால் அது பிரிண்டருக்குத்தான் உதவும், இந்த மாதிரிப் பூட்டுகளுக்குப் பெரும்பாலும் உதவாது. எக்ஸ்பி-க்கு டிரைவரும் வேண்டும். இரண்டுக்கும் பொருந்தியது 2011-ல் வந்த எச்61. அதில் சில போர்டுகளில் பிரிண்டர் போர்ட்டுக்கான பின்கள் போர்டின் ஓரத்தில் இருக்கும், ஒரு பட்டை ஒயர் போட்டு வெளியே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு. இந்தத் தலைமுறையில் ராமைக் கவனிப்பதும் படம் போடுவதும் பிராசஸருக்குள்ளேயே போய்விட்டன. அதனால் எச்61-க்கு 6.1 வாட்தான். அதே மோசமான 4 டிகிரி கணக்கைப் போட்டாலும் 48-ம் 24.4-ம் சேர்ந்து 72.4. சித்திரையைத் தாங்கும்.

சாக்கெட் வேறு என்பதால் பிராசஸரும் மாற வேண்டும், டிடிஆர்2 ராம் டிடிஆர்3 ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமானாகவே மூன்றையும் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்குப் பிடித்தோம். பஸ் செலவு தனி! போர்டைப் பிடிக்கும் முன் ஹார்டு டிஸ்க்கை முழுசாக இன்னொன்றில் நகல் எடுத்தோம். பல வருஷத்து டிசைன்கள் அதில் இருக்கின்றன, போர்டு போனால் வாங்கலாம், அது போனால் வாங்க முடியாது. பயாஸில் டிஸ்க்கை ஐடிஇ முறையில் வைக்காவிட்டால் எக்ஸ்பி நீலத் திரையைக் காட்டிவிடும், அதையும் கவனியுங்கள். எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014-லேயே கைவிரித்துவிட்டதால் இந்த மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

புதுசாக வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். 2019-ல் ஏஎம்டி-யின் எக்ஸ்570 வந்தபோது வேகம் கூடியதால் சிப்செட்டுக்கு மேல் ஒரு குட்டி விசிறியைப் பெரும்பாலான போர்டுகளில் வைத்தார்கள். குட்டி விசிறி என்றால் சத்தம் வரும், தூசியில் சீக்கிரம் நிற்கும். 2021-ல் எக்ஸ்570எஸ் என்று விசிறி இல்லாத போர்டுகள் வந்தன. அங்கே ஹீட் சிங்க் பெரியதாகிவிட்டது. பிராசஸருக்கு உயரமான டவர் கூலர் மாட்டும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தட்டை விசிறி கீழ்நோக்கி அடிக்கும்போது அந்தக் காற்றில் கொஞ்சம் சிப்செட்டுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. டவரில் அது கிடைக்காது.

டிசைன் கடையில் கேபினட்டின் முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும், அதற்கு முன்னால் பழைய கொசுவலையில் வெட்டிய ஒரு துண்டும் வைத்திருக்கிறோம். மாசத்துக்கு ஒருமுறை வலையைத் தட்டிவிடுவது அண்ணன் மகளின் பொறுப்பு. வைகாசியில் அப்பாவுக்கு அட்டை வந்தது, அன்னம் போட்ட கரை. இப்போது அடுத்த தெருக் கடைக்காரரும் கூப்பிட்டிருக்கிறார். அவருடையது ஜி41, 25 வாட். மேஜை விசிறியைத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறோம்.