கியர் விழ வேண்டும்

லீவரை 'எம்' (மேனுவல்) பக்கம் தள்ளியதும் கியர் தங்கள் கைக்கு வந்துவிட்டதாக ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். வரவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை இழுப்பது, கியர்பாக்ஸின் கணினிக்குக் கொடுக்கும் மனு மட்டுமே. இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, ஆயில் என்ன சூட்டில் இருக்கிறது, கேட்ட கியர் விழுந்தால் சுற்று எங்கே போய் நிற்கும் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அது சரி என்று சொல்லும், அல்லது சும்மா இருந்துவிடும். அந்த மறுப்புகளைத் திருத்துவது என் தொழில். எதைத் தளர்த்தலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று முடிவு செய்வதில்தான் நேரமெல்லாம் போகிறது. லேப்டாப்பை மாட்டிப் புது மேப்பை, அதாவது கியர் மாறும் எல்லைகளின் அட்டவணையை, ஏற்றுவது கடைசியில் வரும் சின்ன வேலை.

கோவையில் இதற்கு ஆள் வரக் காரணம் மலை. வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. செட்டிபாளையத்தில் கரி ரேஸ் டிராக் வேறு இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "ஏனுங்க, வளைவுக்கு முன்னாடி ரெண்டாவதுக்கு இழுக்கறேன், அது கேக்கவே மாட்டேங்குதுங்க."

கேட்காததற்குக் கணக்கு உண்டு. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்யும் 8எச்பி என்ற எட்டு கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2009இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் முதலில் வந்தது. பிறகு ஜாகுவார், லேண்ட் ரோவர், ஜீப் என்று பரவியது. இதன் பரவலான வகைகளில் இரண்டாவது கியரின் விகிதம் 3.14, மூன்றாவதின் விகிதம் 2.11. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் இன்ஜின் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். டீசல் இன்ஜின் 5,000 சுற்றைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், மூன்றாவதில் 3,350க்குக் கீழே வந்த பிறகுதான் இரண்டாவதைக் கேட்க முடியும். 3,500இல் பேடிலை இழுத்துவிட்டு வண்டி கேட்கவில்லை என்றால், அது மென்பொருளின் பிடிவாதம் இல்லை. நிறுவனம் இந்தக் கணக்குக்கு மேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டு எல்லையை வைத்திருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பங்கை மட்டுமே நான் எடுத்துத் தர முடியும். மீதி, ஓட்டுபவர் பிரேக்கை முதலில் மிதித்து, வேகம் குறைந்த பிறகு பேடிலை இழுப்பதில் இருக்கிறது. இதைச் சொன்னதுமே பாதிப் புகார் தீர்ந்துவிடும். அதற்கு யாரிடமும் காசு கேட்க முடிவதில்லை என்பதுதான் குறை.

அடுத்த புகார் தாமதம். 8எச்பியில் நான்கு கோள் கியர் தொகுதிகள், அவற்றைப் பிடித்தும் விட்டும் வேலை வாங்க கிளட்சும் பிரேக்குமாக மொத்தம் ஐந்து. எந்தக் கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். அடுத்த கியருக்குப் போக ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் போதும். ஆனால் பிடிக்கப்போகும் கிளட்சுக்குள் முதலில் ஆயில் நிரம்பி, பிஸ்டன் நகர்ந்து, தட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அடைபட வேண்டும். அதுவரை காரில் ஒரு மாற்றமும் தெரியாது. பேடிலை இழுத்தவருக்கு 'யோசிக்கிறது' என்று படுவது பெரும்பாலும் இந்த நேரம்தான். பிறகு இன்ஜின் ஒரு கணம் முறுக்கைக் குறைத்துக்கொள்ளும்; பெட்ரோலில் இக்னிஷனைப் பின்தள்ளி, டீசலில் எரிபொருளைக் குறைத்து. அந்த இடுக்கில் கிளட்ச் வழுக்கியபடியே பிடிக்கும்.

இந்த வழுக்கலை நீளமாக வைத்தால் மாற்றம் வெண்ணெயாக இருக்கும், ஆனால் தட்டுகள் சூடாகும். குறுக்கினால் சூடு குறையும், உதை கூடும். அந்த உதையை வாங்குவது புரொபெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கும் டிஃபரென்ஷியலின் மவுன்ட்டுகளும். ஆகவே தானாக மாறும் 'டி'யில் எதையும் தொடமாட்டேன். 'எம்'மில் மட்டும், அதுவும் ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் மிதிபட்டிருக்கும்போது மட்டும் அழுத்தத்தைக் கூட்டுவேன். முதுகில் உதை விழுந்தால்தான் கொடுத்த காசு செரிக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடி ஜெயித்ததில்லை. வேறு கடையைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

ரெட்லைனை எட்டியதும் தானாகவே மேல் கியருக்குத் தாவுவதுதான் பலருக்கு ஆத்திரம். மேனுவல் என்று எழுதிவிட்டு அது ஏன் குறுக்கே வர வேண்டும்? ரேஸ் டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டி என்றால் எடுத்துவிடுகிறேன். மலையிறங்கும் வண்டியில் அப்படிச் செய்வதில்லை. ஏற்றத்தில் சுற்று எகிறினால் லிமிட்டர் எரிபொருளை வெட்டும், இன்ஜின் அடங்கும். இறக்கத்தில் கதை வேறு: எரிபொருள் ஏற்கெனவே நின்றிருக்கிறது, இன்ஜினைச் சுற்றுவது சக்கரம். லிமிட்டருக்கு வெட்ட ஒன்றும் இல்லை. கீழ் கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்த பாதையில், பிரேக் சூடேறித் தளர்ந்த நேரத்தில், கியரும் மேலேற மறுத்தால் இன்ஜின் தாங்கும் எல்லையைக் கடந்து சுற்றும். அதனால் தானாக மேலேறும் புள்ளியை ரெட்லைனுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளிவைப்பேனே தவிர அழிக்கமாட்டேன்.

மறுப்பே இல்லாதபடி மாற்றிய பெட்டிகளும் இருந்தன. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400இல் கணினி கிடையாது. வேகத்துக்கேற்பக் கவர்னர் தரும் ஆயில் அழுத்தமும், இன்ஜின் சுமைக்கேற்ப வரும் அழுத்தமும் ஒரு வால்வின் இரு பக்கமும் தள்ளும். எது ஜெயிக்கிறதோ அதன்படி கியர். அமெரிக்க டிராக் (drag) ரேஸ்காரர்கள் வால்வு பாடியையே மாற்றி இந்த வழக்கைக் கலைத்தார்கள். லீவர் நின்ற இடம்தான் கியர். வரிசையையும் சிலர் தலைகீழாக்கினார்கள்: நியூட்ரலை அடுத்து முதல் கியர், பிறகு இரண்டு, மூன்று. முழு வேகத்தில் கடைசிக் கியருக்குத் தள்ளும் கை தவறி நியூட்ரலில் விழாமல் இருக்க. பெட்டி எதையும் மறுக்காது என்றால் மறுக்க வேண்டியவர் ஓட்டுபவர்தான் என்று புரிந்து செய்த வேலை அது.

பழைய மெர்சிடீஸ்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படும். 1996இல் வந்த 722.6 என்ற ஐந்து கியர் பெட்டியில், லீவரை இடப்பக்கம் தட்டினால் திரையில் 4 என்று வரும். 'நான்காவதில் ஓடு' என்று அதற்குப் பொருளில்லை. 'நான்குக்கு மேல் போகாதே' என்று பொருள். அதற்குக் கீழே அது தன் விருப்பப்படி மாறிக்கொண்டிருக்கும். பழுது என்று நினைத்து வருகிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

ஆயில் மாற்றாத பெட்டியில் மேப் ஏற்றுவதில்லை. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் விற்பவர்கள் சொல்லலாம். பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. 8எச்பியில் பல வகைகளுக்கு ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒட்டியே வருவதால் பேனையும் சேர்த்து வாங்க வேண்டும், செலவைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் கிளட்ச் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பெட்டி ஓடஓடக் கற்று வைத்திருக்கிறது. பழைய ஆயிலில் கற்ற பாடத்தின் மேல் புது அழுத்தத்தை எழுதினால், பிறகு வரும் உதறல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆயில் மாற்றி, கற்றதை அழித்து, திரும்பக் கற்றுக்கொள்ள நிதானமாக ஓட்டிய பிறகுதான் லேப்டாப் வெளியே வரும்.

லீவரின் திசையை மாற்றித் தரச் சொல்வதும் உண்டு. பி.எம்.டபிள்யூ.வில் முன்னே தள்ளினால் கியர் இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும். பிரேக் பிடிக்கையில் உடம்பு முன்னே சாய்கிறது, கையும் அப்படியே போகிறது. எனக்கு இதுதான் சரி. ஃபோக்ஸ்வாகனிலும் இன்னும் பல வண்டிகளிலும் நேர் எதிர். சில பழைய வண்டிகளில் சுவிட்சின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாலே முடிந்துவிடும். ஆனால் கம்பியைத் தொடுவதற்கு முன், இந்த வண்டியை வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன். மனைவியோ மகனோ என்றால், அவர்களையும் ஒருநாள் கூட்டிவரச் சொல்வேன்.