அட்டை சொன்னபடி

ஆரணிக்கு நான் போனது மருமான் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்க. ஆனால் மனசு புடவையில் இல்லை. முதல் நாள் ராத்திரிதான் என் நாவலின் ஆறு அத்தியாயங்களைப் பறிகொடுத்திருந்தேன். திருடன் வரவில்லை; நான் வைத்த காவல்காரனே கொண்டுபோய்விட்டான்.

காவல்காரன் என்றால் ஷெல் ஸ்கிரிப்ட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கம்ப்யூட்டருக்குத் தினமும் தட்டச்சுச் செய்து இடுகிற உத்தரவுகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்தால், அது ஒவ்வொன்றாகப் படித்துச் செய்துகொண்டே போகும், அவ்வளவுதான். 1971-லேயே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்கு ஷெல் எழுதிவிட்டார். கிரான் என்று இன்னோர் ஆசாமி உண்டு. மணி பார்த்து ஸ்கிரிப்டைத் தட்டி எழுப்புவது அவன் உத்தியோகம். என்னுடையது நாலே வரி. ராத்திரி பதினொன்றுக்கு நாவலை வேறு டிஸ்க்கில் பிரதி எடு. மூலத்தில் இல்லாதது பிரதியிலும் இருக்கக் கூடாது. அந்தக் கடைசி வரியில் எனக்கு ரொம்பப் பெருமை!

அன்று சாயங்காலம் கை தவறி அத்தியாயங்களை அழித்துவிட்டேன். பிரதிதான் இருக்கிறதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். பதினொன்றுக்குக் காவல்காரன் வந்தான். மூலம் காலி என்று கண்டான். பிரதியையும் காலியாக்கிவிட்டுப் போனான்.

ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. குழித்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து மாலையாகத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லையென்றால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை திரும்ப வரும். 1804-ல் பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு செய்த ஏற்பாடு. அதற்கு முன்னால் கயிறுகளை இழுத்துக் கொடுக்க ஒரு பையன் தறியோடு தறியாய்க் கிடக்க வேண்டும். 1890-ல் அமெரிக்கக் குடிக்கணக்கை எண்ணியதும் ஓட்டை அட்டைகள்தான். அந்த வழியில் கம்ப்யூட்டர் தறிக்கு ஒன்றுவிட்ட பேரன்!

பெரியவர் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பட்டை எடுத்துக் காட்டினார். கரையில் மாங்காய் வரிசை. ஒவ்வொரு மாங்காயின் மூக்கிலும் ஒரு நறுக்கு.

"ஒரே ஒரு ஓட்டை விட்டுப்போச்சு சார். பார்க்காம முழம் முழமா நெய்துட்டோம்."

"தறி மேல் கோபம் வரவில்லையா?"

"அது என்ன சார் பண்ணும்? அட்டை சொன்னபடிதானே செய்யும். இப்பல்லாம் புது அட்டை கோத்தா, முதல்ல ஒரு சாண் நெய்து, வெளிச்சத்துல பார்த்துட்டுத்தான் மேல போறது."

வீட்டுக்கு வந்ததும் ஐந்தாவது வரி சேர்த்தேன்: மூலம் காலியாக இருந்தால் எதையும் தொடாதே, எனக்கு எழுதி வைத்துவிட்டு நில். மளிகை ஜாபிதாவை வைத்து மூன்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் நாவலை நம்பிக் கொடுத்தேன்.

ஆறு அத்தியாயங்களையும் மறுபடி எழுதினேன். கதாநாயகி முன்போல் இல்லை, கொஞ்சம் கோபக்காரியாகிவிட்டாள்.